துட்டி வீட்டு ஐஸ் பெட்டியும் மைனஸ் 196 டிகிரியும்: கிரையானிக்ஸ் சேவைகள் குறித்து நெல்லையிலிருந்து ஒரு மதிப்பீடு

திருநெல்வேலி வட்டாரத்தில் இருந்துகொண்டு, இறந்த உடலைக் கடுங்குளிரில் காத்து வைக்கும் வெளிநாட்டுக் கிரையானிக்ஸ் நிறுவனத்தில் பணம் கட்டிச் சேரலாமா? இந்த முயற்சியை மக்கள் ஏற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் நாங்கள். அப்படியிருந்தும் இங்கே குடியிருக்கும் பெரும்பாலோருக்கு இன்று எங்கள் பதில், வேண்டாம் என்பதே. காத்து வைத்தவரை மீண்டும் எழுப்பும் மருத்துவம் இன்னும் வரவில்லை என்பது சேருகிற எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லவில்லை. உயிர் பிரிந்த முதல் ஆறு மணி நேரத்தில் நடக்க வேண்டிய வேலைக்கு நம் பக்கம் ஆள் கிடையாது, கருவி கிடையாது, அனுமதித் தாளும் கிடையாது. அந்த நேரம் கைவிட்டுப் போனால், அமெரிக்காவில் எவ்வளவு நல்ல தொட்டியில் வைத்தாலும் சிதைந்துபோன மூளையைத்தான் காத்து வைக்க முடியும்.

சட்டப்படி இறந்தவர் என்று மருத்துவர் அறிவித்த பிறகு, உடலையோ தலையை மட்டுமோ திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் காத்து வைப்பதுதான் கிரையானிக்ஸ். நினைவும் குணமும் மூளையின் அமைப்பில் இருக்கின்றன, அந்த அமைப்பு கெடாமல் இருந்தால் பிற்கால மருத்துவம் ஏதாவது செய்யக்கூடும் என்ற எதிர்பார்ப்பே இதன் அடிப்படை. 1967 ஜனவரி 12 அன்று காக்கப்பட்ட உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் இன்றும் அரிசோனாவில் ஆல்கோர் நிறுவனத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் எழுப்பப்படவில்லை. இந்த வரியை முதல் பேச்சிலேயே சொல்லாத முகவரை நம்பாதீர்கள்.

குளிர் நம் ஊருக்குப் புதிது இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் பைக்கில் கட்டிக்கொண்டு வரும் அலுமினியக் கேனில் இருப்பது இதே திரவ நைட்ரஜன்தான். கால் மில்லி ஸ்ட்ராவில் அடைத்த காளை விந்தை அதிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் உயிரணு மறுபடி நீந்துகிறது. கருத்தரிப்பு மையங்களில் கருவையே இப்படி வைக்கிறார்கள். உறைகருவிலிருந்து முதல் குழந்தை 1984-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. நம் நாட்டு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கருவைப் பத்தாண்டு வரை வைத்திருக்க இடம் தருகிறது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கம் பேசினால் இதெல்லாம் அன்றாடச் செய்தி. கிரையானிக்ஸ் பற்றி ஊரில் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் அது ஏமாற்று. கரு என்பது சில செல்கள். முழு உறுப்பு வேறு கதை. தண்ணீர் மெதுவாக உறையும்போது செல்களுக்கு இடையே பனிப்படிகம் வளர்ந்து திசுவை நசுக்கும். அதைத் தவிர்க்க இரத்தத்தை வெளியேற்றி, இரத்தக் குழாய் வழியாகக் காப்புத் திரவத்தைச் செறிவு கூட்டிக்கூட்டி ஏற்றுகிறார்கள். திரவம் நன்றாகப் பரவினால் சுமார் மைனஸ் 120 டிகிரியில் திசு படிகம் இல்லாமல் கண்ணாடிபோல் இறுகிவிடும். பரவாத இடத்தில் பனிதான். அதற்கும் கீழே குளிரும்போது வெளிப்புறமும் உட்புறமும் ஒரே அளவு சுருங்காததால் பெரிய உறுப்புகளில் விரிசல் விழுகிறது. 2023-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தை இப்படி 100 நாள் வரை வைத்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள் கொண்டு சீராகச் சூடேற்றி, வேறு எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். மனித மூளை எங்கே, எலிச் சிறுநீரகம் எங்கே! இருந்தாலும் வழி அடைபட்டதில்லை என்பதற்கு இன்று கையில் இருக்கும் நல்ல சான்று இது.

இனி நிறுவனங்கள். டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆல்கோர் 1972-இல் தொடங்கியது. முழு உடலுக்குக் குறைந்தது 2,20,000 டாலர், ஏறத்தாழ 1.87 கோடி ரூபாய். தலைக்கு மட்டும் 80,000 டாலர், 68 லட்சம். ஆண்டுச் சந்தா தனி. பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டுத் தொகையை நிறுவனத்தின் பெயருக்கு எழுதிவைத்துக் கட்டுகிறார்கள். முழு உடல் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி, நீண்ட காலப் பராமரிப்புக்கான தனி அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. இவர்களிடம் எங்களுக்கு மிகவும் பிடித்தது, பலரையும் காத்த விதத்தை மணிக்கணக்கோடு எழுதி, பிழைகளையும் சேர்த்து வெளியிடும் வழக்கம். எந்த நிமிடத்தில் குளிர்ச்சி தொடங்கியது, எங்கே குழாய் செருகத் தாமதமானது என்றெல்லாம் அதில் இருக்கும். சேவையை எடைபோட வேறு எந்த விளம்பரமும் தேவையில்லை.

மிச்சிகனில் உள்ள கிரையானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 1976-இல் தொடங்கியது. உடலைக் காத்து வைக்கும் கட்டணம் ஆயுள் உறுப்பினருக்கு 28,000 டாலர், சுமார் 24 லட்சம். ஆண்டு உறுப்பினருக்கு 35,000. விலையைப் பார்த்ததும் நம் ஆட்கள் இதன் பக்கம்தான் சாய்வார்கள், ஆகவே எச்சரிக்கை தேவை. படுக்கையருகே காத்திருந்து உடனே குளிர்விக்கும் குழுவும், உடலை அங்கே கொண்டு சேர்க்கும் செலவும் இந்தத் தொகையில் சேராது. மிச்சிகனில் குடியிருப்பவருக்கு இது மலிவு. அம்பாசமுத்திரத்துக்காரருக்கு இது பாதி வாங்கிய பொருள்.

பெர்லினில் இருந்து நடக்கும் டுமாரோ பயோ, ஐரோப்பாவில் சொந்த ஆம்புலன்ஸோடு இயங்குகிறது. காத்து வைப்பது சுவிட்சர்லாந்தின் ராஃப்ஸ் ஊரில். முழு உடலுக்கு 2,00,000 யூரோ. ஜெர்மனியில் வேலையாக இருக்கும் நெல்லைப் பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வோம். ஆஸ்திரேலியாவில் ஹோல்புரூக்கில் சதர்ன் கிரையானிக்ஸ் 2024-இல்தான் முதல் ஆளை ஏற்றது. அனுபவம் இன்னும் குறைவு.

தொட்டிகளைப் பற்றி ஊரில் வரும் முதல் கேள்வி, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. ஒன்றும் ஆகாது. வெற்றிடச் சுவர் உள்ள பெரிய பிளாஸ்க் அது. நைட்ரஜன் மெல்ல ஆவியாகும், குறைந்ததை ஊற்றி நிரப்புவார்கள். மின்சாரத்தை நம்பியவர்கள் கெட்ட கதையும் உண்டு. பிரான்சில் மார்ட்டினோ என்ற மருத்துவர் தன் மனைவியின் உடலை 1984 முதல் வீட்டு நிலவறையில் மின் உறைபெட்டியில் வைத்திருந்தார். 2002-இல் அவர் உடலும் அங்கேயே வைக்கப்பட்டது. 2006-இல் பெட்டி பழுதாகி வெப்பநிலை ஏறிவிட, இரண்டையும் தகனம் செய்ய வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கதை இன்னும் கசப்பானது. அங்கே பராமரிப்புச் செலவு உறவினர்கள் தொடர்ந்து அனுப்பும் பணத்தை நம்பி நடந்தது. பணம் நின்றது, நைட்ரஜன் நின்றது, ஒன்பது உடல்கள் கெட்டுப்போயின. 1979-இல் அது வெளியே வந்தது. நம் மாவட்டத்தில் நாளைக்கு யாராவது மாதத் தவணையில் இந்தச் சேவை தருகிறோம் என்று நோட்டீஸ் அடித்தால், சாட்ஸ்வொர்த்தை நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுங்கள். மொத்தத் தொகையும் முன்னால் கட்டப்பட்டு, அதன் வட்டியில் பராமரிப்பு நடந்தால்தான் இது நிற்கும்.

இப்போது நம்மூரில் கிடைக்கும் ஒரே குளிர்ச் சேவைக்கு வருவோம்: துட்டி வீட்டுக்கு, அதாவது இழவு வீட்டுக்கு, வாடகைக்கு வரும் ஐஸ் பெட்டி. துபாயில் இருக்கும் மகன் வந்து சேரும்வரை ஓரிரு நாள் உடலை வைத்திருப்பது இதன் வேலை. அந்த வேலைக்கு இது நல்ல பொருள்தான், கையாளத் தெரிந்தால். லோடு ஆட்டோவில் சாய்த்துக் கொண்டுவந்த பெட்டியை இறக்கியதும் சுவிட்ச் போடக் கூடாது. கம்ப்ரசரில் எண்ணெய் அடங்கச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் வெறும் பெட்டியாக ஓடவிட்டு, உட்புறம் குளிர்ந்த பிறகே உடலை வைக்க வேண்டும். பந்தலில் சீரியல் லைட்டுக்கு இழுத்த மெல்லிய ஒயரில் செருகினால் வோல்டேஜ் இறங்கி கம்ப்ரசர் நின்றுநின்று ஓடும். சுவரில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து நேராக எடுங்கள். ஓடும்போது இழுப்பதைவிடத் தொடங்கும்போது பல மடங்கு இழுக்கும் என்பதால் வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் தாங்காது, ஜெனரேட்டர்தான் வேண்டும். வெப்பக்காற்று வெளியேறும் கம்பித் தடுப்பின்மேல் மாலைகளைக் குவித்து மூடிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் பெட்டி நின்றுபோவதற்கு மின்வெட்டுக்கு அடுத்த காரணம் இதுதான். ஒவ்வொரு உறவினரும் வரும்போது மூடியைத் திறப்பது மூன்றாவது. முகம் தெரியத்தான் மூடி கண்ணாடியாக இருக்கிறது.

கிரையானிக்ஸ் நோக்கில் பார்த்தால் இந்தப் பெட்டி தேறாது. உள்ளே இருப்பது குளிர்ந்த காற்று. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகம். முடியும் மண்டையோடும் மூடிய மூளை, காற்றில் குளிர்வதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் 35 டிகிரி வெயிலடிக்கும் வைகாசியில் திசு தன்னைத்தானே கரைக்கத் தொடங்கிவிடும். இன்னொரு பக்கம், சில பெட்டிகளில் வெப்பநிலையைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்கி வைத்துவிடுகிறார்கள். காப்புத் திரவம் ஏறாத உடல் பூச்சியத்துக்குக் கீழே போனால் நாம் அஞ்சிய பனிப்படிகம் மெதுவாக, பெரிதாக வளரும். முதலில் தாமதம், பிறகு உறைவு என்று இரண்டு கெடுதலும் ஒரே பெட்டியில்.

சரியான வழி ஐஸ் தண்ணீர்த் தொட்டி. கணக்கு எளிது. 60 கிலோ உடலை 37 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 7,350 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் எடுக்கும். ஏட்டுக்கணக்கில் 22 கிலோ போதும். தொட்டியும் தண்ணீரும் வெளிச்சூடும் தின்பதைச் சேர்த்தால் 100 கிலோவோடு தொடங்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு 100 இருக்க வேண்டும். மீன் ஏற்றுகிறவர்கள் வாங்கும் பார் ஐஸ், வழக்கமாக 50 கிலோ அளவில் வருவது, உடைத்து வாங்கினால் போதுமானது. வெறும் ஐஸைச் சுற்றி அடுக்கினால் இடையில் காற்று நிற்கும், ஆகவே தண்ணீர் ஊற்றிக் கூழாக்க வேண்டும். உடலை ஒட்டிய தண்ணீர் சூடாகி அங்கேயே தங்கிவிடாமல் சிறு பம்ப் வைத்துச் சுழற்ற வேண்டும். தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பெரிய குழாய்கள் தோலுக்குப் பக்கத்தில் ஓடுவதால் அங்கே ஐஸ் அதிகம் வேண்டும். உப்புப் போடவே கூடாது. மீனுக்குப் போடுகிற பழக்கத்தில் யாராவது அள்ளிப் போட்டால் கூழின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கித் தோலும் காதும் உறைந்துவிடும்.

இவ்வளவும் செய்தால்கூடப் பாதிதான் ஆகும். இரத்தம் ஓடாத உடலில் குளிர் தோலிலிருந்து உள்ளே ஊர்ந்துதான் போக முடியும். அதனால்தான் வெளிநாட்டுக் குழுக்கள் இறப்பு அறிவிக்கப்பட்ட மறு நிமிடமே மார்பை அமுக்கும் இயந்திரத்தைப் பொருத்தி, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் முதலிய மருந்துகளை ஏற்றி, ஐஸ் கூழில் வைத்தபடியே ஓட்டத்தைத் தொடர்கிறார்கள். வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றம் ஏறத்தாழப் பாதியாகும். முதல் அரை மணி நேரக் குளிர்ச்சிக்குப் பிந்தைய பத்து மணி நேரம் ஈடாகாது. பாளையங்கோட்டையில் எந்த மருத்துவமனையும் இன்று இறந்தவருக்கு மார்பு அழுத்தம் தர முன்வராது. தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமோ விதியோ இல்லாதபோது மருத்துவர் தயங்குவது நியாயமே.

அடுத்த தடை தாள்கள். வீட்டில் இயற்கையாக இறந்தால், கடைசியாகப் பார்த்த மருத்துவர் இறப்புக் காரணச் சான்று தர வேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்யலாம் என்பது வழக்கமான குடும்பத்துக்குப் போதும், இங்கே சான்று அன்றைக்கே கையில் வேண்டும். விபத்தோ சந்தேகமோ என்றால் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை. மண்டையோட்டைத் திறந்த பிறகு கிரையானிக்ஸ் பேச்சே இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப ரத்து செய்த பாஸ்போர்ட், போலீஸ் தடையின்மைச் சான்று, பெட்டி மூடிய சான்று, எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் கெடாமலிருக்க ஃபார்மலின் ஏற்றும் எம்பாமிங் செய்ததற்கான சான்று கேட்பார்கள். மதுரையோ திருவனந்தபுரமோ, எதுவானாலும் சுமார் 150 கிலோமீட்டர் சாலை. உலர் பனிக்கட்டி போட்டு அனுப்பலாம் என்றால் அது விமானச் சரக்கில் ஒன்பதாம் வகை ஆபத்துப் பொருள், அளவுக் கட்டுப்பாடு உண்டு. இத்தனையும் தாண்டி உடல் அங்கே சேரும்போது குழாய்களில் இரத்தம் கட்டியிருக்கும், ஃபார்மலினும் ஏறியிருக்கும். காப்புத் திரவம் ஏற்ற வழியில்லாமல் அப்படியே உறைய வைப்பார்கள். 1.87 கோடி கொடுத்தாலும் 24 லட்சம் கொடுத்தாலும் நெல்லையிலிருந்து போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வேண்டாம் என்று நாங்கள் சொல்வதன் காரணம் முழுதும் இந்தப் பத்தியில் இருக்கிறது.

நம் பக்கம் கவனிக்க வேண்டிய இன்னொரு பாதை உண்டு. ஆய்வகத்தில், குளூட்டரால்டிஹைடு என்ற இரசாயனத்தை மூளைக் குழாய்களில் ஏற்றி அமைப்பை அப்படியே நிலைநிறுத்தி, பிறகு எத்திலீன் கிளைக்கால் என்ற காப்புத் திரவத்தை ஏற்றி, மைனஸ் 135 டிகிரியில் வைக்கும் முறைக்கு மூளைக் காப்பு அறக்கட்டளையின் பரிசு 2016-இல் முயல் மூளைக்காகவும் 2018-இல் பன்றி மூளைக்காகவும் கிடைத்தது. நரம்பிணைப்புகள் வரை கெடாமல் இருந்ததை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். இப்படி நிலைநிறுத்திய மூளை உயிரோடு மீளாது, அமைப்பில் உள்ள தகவல் மட்டுமே மிஞ்சும். அதை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. எங்கள் கண்ணில் படுவது வேறு: தமனி வழியாக ஃபார்மலின் ஏற்றத் தெரிந்த கை, 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் இருக்கிறது. மார்பு அழுத்த இயந்திரமும் கண்ணாடியாக்கும் திரவமும் இங்கே வர இன்னும் எத்தனையோ ஆண்டு ஆகலாம். திசுவை நிலைநிறுத்தும் வேலைக்கான அடிப்படைத் திறமை அந்தக் கல்லூரி இருக்கும் ஹைகிரவுண்டிலேயே இருக்கிறது. சட்ட அனுமதியோடு ஆய்வாக இது நடக்க வேண்டும் என்று கேட்பது, தொட்டி வாங்குவதைவிடக் கைக்கெட்டும் கோரிக்கை.

மக்களிடம் இதை எப்படிக் கொண்டுபோவது? சாகாவரம் என்ற சொல்லை ஒருபோதும் எடுக்காதீர்கள். அந்தச் சொல் வந்ததும் ஒரு கூட்டம் சிரிக்கும், இன்னொரு கூட்டம் ஏமாறும். நோயாளியின் கட்டிலருகே இதைப் பேசவும் கூடாது. நடமாடும் உடம்போடு இருப்பவரிடம், மகன் மகள் கூட இருக்கும்போது பேச வேண்டும். சடங்கு பற்றிய கேள்வி உடனே வரும். நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி எல்லாம் முடிய அரை நாள் ஆகுமே, சாம்பல் இல்லாமல் ஆற்றில் எதைக் கரைப்பது, பதினாறு எப்படிச் செய்வது? உடல் தானம் செய்த வீடுகள் இதற்கு விடை கண்டுவிட்டன. சடங்கைச் சுருக்கமாக முடித்து உடலைக் கல்லூரிக்கு ஒப்படைக்கிறார்கள், பதினாறாம் நாள் படம் வைத்து நடக்கிறது. கிரையானிக்ஸில் ஐஸ் முதலில், சடங்கு பிறகு என்ற வரிசை மாற்றம் ஒன்றைத்தான் கூடுதலாகக் கேட்கிறோம். முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையத்தில் இதே பேச்சை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உடலைத் தாமதமின்றி மண்ணுக்குக் கொடுப்பது அங்கே மார்க்கக் கடமை, அதை மதித்து விலகுவதே முறை.

உறுப்பு தானம் பற்றிய கேள்விதான் கடினமானது. இரண்டும் ஒரே உடலில் பொதுவாக ஒத்துப்போகாது. உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்த மாநிலம் இது. அப்படிப்பட்ட ஊரில் கிரையானிக்ஸுக்காக உறுப்பைத் தராதே என்று பேசினால் நாம் தோற்போம், தோற்கவும் வேண்டும். மூளைச்சாவு நேர்ந்து உறுப்பு தானத்துக்கு வாய்ப்பு வந்தால் தானமே முதல் என்பது எங்கள் நிலை. இன்றைக்குத் தெரிந்த உயிரை விட்டுவிட்டு நாளைக்கு வரலாம் என்ற உயிரைப் பிடிக்க முடியாது.

ஆறு மணி நேர ஒழுங்கைப் பழகுவதற்குக் கண் தானம் நல்ல பள்ளி. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், இமையை மூடி மேலே ஈரப்பஞ்சு வைக்க வேண்டும், தலைக்கடியில் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்த வேண்டும், உடனே கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். அழுகைக்கு நடுவில் இந்த நான்கையும் செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், ஐஸ் தொட்டி நிரப்பத் தெரிந்த ஆளும் ஒரு நாள் இருப்பார்.

இத்தனைக்குப் பிறகும் சேரத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வசிக்கும் பிள்ளையோடு கடைசிக் காலத்தைக் கழிக்கப் போகிறவர் என்றால் சேரலாம், அங்கே குழு இருக்கிறது. இங்கேயே இருப்பவர் கிரையானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் ஆயுள் உறுப்பினராகச் சேரும் கட்டணமான 1,250 டாலரோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம், காத்து வைப்பதற்கான ஒப்பந்தத் தொகையைப் பிறகு பார்க்கலாம். எப்படியானாலும் மூன்று தாள் வீட்டில் தயாராக இருக்கட்டும். எம்பாமிங் செய்வது குறித்து நிறுவனம் தந்த எழுத்து அறிவுறுத்தல் ஒன்று. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட சம்மதம் ஒன்று, ஏனென்றால் ஒரு தம்பி மறுத்தாலே அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும். குடும்ப மருத்துவரின் பெயரும், இரவிலும் எடுக்கும் ஐஸ் கம்பெனி நம்பரும் பெரிய எழுத்தில் எழுதிய தாள் மூன்றாவது. பீரோவுக்குள் பூட்டாமல், கேஸ் புத்தகம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.